தம்பியின் விரல் தடங்கள்

பத்திரிகைத்துறையில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் காலந்தள்ளிவிட்டேன். எனது எழுத்துக்களைத் தொடர்ந்து வாசித்துவருபவர்கள் என்னிடமிருந்து அரசியலையோ, பழைய பத்திரிகை அலுவலகக் கதைகளையோதான் எதிர்பார்ப்பார்கள். ஒரு கிற்றாரின் விரல் பலகைக்கு எப்படிப் பிசின் பூசுவது என்பதைப் பற்றி எழுதுவேன் என்று நானே எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால், 2025ஆம் ஆண்டின் முதல் ஆறு வாரங்களும் எனது வெள்ளவத்தை வீட்டின் பின்விறாந்தையில் அந்த வேலையுடனேயே கழிந்தன. அப்போது கற்றுக்கொண்ட சிலவற்றையும், வேலையைத் தொடங்குவதற்கு முன்னர் எடுக்கவேண்டியிருந்த ஒரு முடிவையும் எழுதிவைக்க வேண்டும்போல் இருக்கின்றது.

முதலில் அந்த வாத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகின்றேன். அது நான்கு தந்திகளைக் கொண்ட ஒரு பேஸ் கிற்றார். பாட்டுக்கச்சேரிகளில் மேடையின் பின்வரிசையில், தாளவாத்தியக்காரருக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் "டும், டும்" என்று வாசிப்பாரே, அதுதான். சாதாரணக் கிற்றாரின் கழுத்துப் பலகையில் குறுக்கே உலோகக் கம்பிகள் பதிக்கப்பட்டிருக்கும். வீணையில் மெட்டு என்கின்றோமே, அதே வேலையைச் செய்பவை அவை. விரல் சற்று முன்பின்னாக விழுந்தாலும், சுரம் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதை அந்த மெட்டே தீர்மானித்துவிடும்.

எனது வீட்டில் இருந்த கிற்றாரில் மெட்டுக்கள் இல்லை. வயலினைப் போலவும் கோட்டுவாத்தியத்தைப் போலவும் வெறும் பலகை. வயலினைப் போலவே, விரல் எங்கே அழுத்துகின்றதோ அங்கேதான் சுரம். ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் காது காட்டிக்கொடுத்துவிடும். அதற்குக் கைம்மாறாக, மெட்டுள்ள வாத்தியத்தால் தரமுடியாத ஒரு குரலை அது தரும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்லலாம். அதிரும் தந்தி மரத்தை மெல்லத் தொட்டுத் தொட்டு, மனிதர் வாய்திறந்து பாடுவது போன்ற ஓர் இழுவையை எழுப்பும். ஆனால், தந்தி நேரடியாக மரத்திலேயே உரசுவதால் மரம் தேயும். எங்களுடைய பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அந்தக் கிற்றார் எனது தம்பியினுடையது.

கப்பலில் வேலைசெய்த எங்கள் மாமா ஒருவர் 1986இல் ஜப்பானிலிருந்து அதைக் கொண்டுவந்தார். பெயர்பெற்ற அமெரிக்கக் கிற்றார் ஒன்றைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவான பிரதி. வடமராட்சியில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் வாசித்த இசைக்கோஷ்டி ஒன்றில் தம்பி அதனுடன் போய்ச் சேர்ந்துகொண்டான். 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. மின்சாரமில்லாத ஊரில் மின்கிற்றாரை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வது? தம்பி அதன் கொம்பை அம்மாவின் மர அலுமாரியின் கதவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசிப்பான். அலுமாரி முழுவதும் அதிர்ந்து ஒலியைப் பெருக்கித் தரும். உள்ளே மடித்துவைத்த சேலைகளெல்லாம் பாட்டுக் கேட்கின்றன என்று அம்மா சொல்லுவார்.

மாமா கொண்டுவந்த ஒலிநாடாக்களில் 'வெதர் ரிப்போர்ட்' என்ற அமெரிக்க ஜாஸ் குழு 1977இல் வெளியிட்ட 'ஹெவி வெதர்' என்ற தொகுப்பும் இருந்தது. பற்றரிகள் யாழ்ப்பாணத்துக்கு வரத் தடையிருந்த காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் பாட்டுக் கேட்போம். அப்போது பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த எனக்குப் பெடல் சுற்றும் உத்தியோகம். கை ஓய்ந்தால் பாட்டும் தளரும். "அண்ணை, சுருதி இறங்குது!" என்று தம்பி கத்துவான். அந்தத் தொகுப்பில் பேஸ் வாசித்திருந்தவர் ஜாக்கோ பஸ்டோரியஸ். அந்தக் குரல் எப்படி வருகின்றது என்பது தம்பிக்கு நீண்டநாள் விளங்கவில்லை. அதை வாசிக்கும் வாத்தியத்தில் மெட்டுக்களே இல்லை என்பதை அவன் எங்கேயோ வாசித்து அறிந்துகொண்டது பிறகுதான்.

1992இல் அவனுடைய கிற்றாரின் மெட்டுக்கள் தேய்ந்து பள்ளம் விழுந்து, சில மேலெழும்பியும் விட்டன. மாற்றுவதற்கு ஊரில் எதுவும் கிடையாது. அவன் ஒரு முடிவுக்கு வந்தான். தகரவேலை செய்யும் ஒருவரிடம் ஈயம் பற்றவைக்கும் இரும்பை இரவல் வாங்கி, அடுப்புத் தணலில் காய்ச்சி, ஒவ்வொரு மெட்டின் மீதும் வைத்துச் சூடாக்கினான். பிறகு குறட்டால் மெல்லமெல்லக் கிளப்பினான். இருபது மெட்டுக்களையும் கழற்றி முடிக்க இரண்டு நாட்கள் எடுத்தன. அவை இருந்த வெட்டுக்களை நிரப்ப மெல்லிய மரச்சிராய்கள் தேவைப்பட்டன.

"அண்ணை, உங்கட பழைய அடிமட்டத்தைத் தாங்கோவன்" என்றான்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் வைத்திருந்த மர அடிமட்டம் அது. அதைச் சீவி, வச்சிரப்பசை தடவி, வெட்டுக்களில் செருகினான். இன்றும் அந்தக் கருஞ்சிவப்புப் பலகையில் குறுக்கே ஓடும் இருபது வெளிர்மஞ்சள் கோடுகள் எனது அடிமட்டத்தின் துண்டுகளே.

ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் பேஸ் கலைஞர் பில் வைமனும் 1961இல் இதையேதான் செய்திருக்கின்றார் என்பதைப் பல வருடங்களுக்குப் பின்னர் வாசித்தேன். மலிவான கிற்றார் ஒன்றின் மெட்டுக்களை, புதியவை பதிக்கும் எண்ணத்துடன் கழற்றியவர், மெட்டில்லாத ஒலி பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டாராம். ஃபென்டர் நிறுவனம் மெட்டில்லாத பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1970இல்தான். தம்பிக்கு வைமனின் கதை தெரியாது.

1994இல் அந்தக் கிற்றாரை யூரியாப் பைகளால் சுற்றிக்கட்டிக்கொண்டு, இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து, தம்பி கொழும்புக்கு வந்து சேர்ந்தான். அதற்கு முந்திய வருடமே நான் இங்கே ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்திருந்தேன். திருமண வரவேற்புக்களிலும் ஹோட்டல்களிலும் வாசித்த குழு ஒன்றில் அவன் இணைந்தான். இரவு ஒரு மணிக்கு, கிற்றார்ப் பெட்டியும் கையுமாக வருகின்ற தமிழ் இளைஞனைச் சோதனைச்சாவடியில் இலகுவில் விட்டுவிடுவார்களா? பெட்டியைத் திறந்து காட்டவேண்டும். சில நாட்களில் வாசித்தும் காட்டவேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் அது முனகுவதைக் கேட்டுச் சிப்பாய்கள் சிரிப்பார்களாம்.

1998இல் அவன் கனடாவுக்குப் போனான். "கவனமா வைச்சிருங்கோ அண்ணை, பிறகு எடுப்பிக்கிறன்" என்று சொல்லி, பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனான். பிறகு எடுப்பிக்கவில்லை. ரொறன்ரோவில் இரண்டு வேலைகள், கல்யாணம், வீட்டுக்கடன், ஒரு மகள். தொலைபேசியில் கதைக்கும்போது இடைக்கிடை "அது கிடக்குதோ?" என்று கேட்பான். "கிடக்குது" என்பேன்.

2020 மே மாதத்தில், கொரோனாத் தொற்றினால் ரொறன்ரோ மருத்துவமனை ஒன்றில் அவன் காலமானான். கட்டுநாயக்க விமானநிலையம் மூடப்பட்டிருந்தது. தம்பியின் இறுதிக்கிரியையைக் கைத்தொலைபேசியின் சிறிய திரையில் பார்த்தேன். அதற்குப் பிறகு அலுமாரிக்கு மேலிருந்த அந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை.

*

2025 ஜனவரியில் எனது பெறாமகள் கொழும்புக்கு வந்தாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு. ஜாஸ் இசை படிக்கின்றாள். அவளும் பேஸ்தான் வாசிக்கின்றாள். வந்த இரண்டாம் நாள் பெட்டியை இறக்கித் திறந்தாள். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பலகையை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப்பிடித்து, "பெரியப்பா, இங்கே பாருங்கோ" என்றாள்.

தந்திகளுக்கு நேர்கீழே பலகையில் நீண்ட மெல்லிய பள்ளங்கள் ஓடின. நடுப்பகுதியில் அவை ஆழமாக இருந்தன. சில இடங்களில் பள்ளத்தின் இருபுறமும் நகத்தால் கீறியது போன்ற மிகச்சிறிய தடங்கள். ஒரு சுரத்தில் நின்று விரலை அசைத்து அசைத்து வாசித்ததனால் ஏற்பட்டவை அவை என்று விளக்கினாள். எந்தச் சுரங்களில் தம்பி அதிகநேரம் நின்றான், எவற்றைத் தொட்டுவிட்டுப் போனான் என்பதெல்லாம் அந்தப் பலகையில் எழுதப்பட்டிருந்தது. அந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது.

பழைய தந்திகளை மாற்றிவிட்டு அவள் வாசித்தபோது, பள்ளம் உள்ள இடங்களில் தந்தி அடைத்து இரைந்தது. காரணத்தையும் அவளே சொன்னாள். பேஸ் தந்தி என்பது நடுவே ஒரு உருக்குக் கம்பியும், அதன்மேல் சுற்றப்பட்ட இன்னொரு கம்பியும் ஆகும். சுற்றும் கம்பி உருண்டையானதாக இருந்தால் ஒலி துலக்கமாக, பளிச்சென்று வரும். ஆனால், அந்தச் சுற்றுக்களின் மேடுபள்ளம் மரத்துக்கு ஓர் அரம் மாதிரி. சுற்றும் கம்பி தட்டையானதாக இருந்தால் மரத்துக்குச் சேதம் குறைவு. ஒலியும் மழுங்கலாக, பழைய காலத்தது போல இருக்கும். தம்பி வாசித்தது உருண்டைச் சுற்றுத் தந்தியில். யாழ்ப்பாணத்தில் புதுத்தந்தி கிடைக்காத காலத்தில், பழையவற்றைக் கழற்றிக் கொதிநீரில் அவித்து அழுக்கைப் போக்கி மீண்டும் பூட்டுவான். அவளும் உருண்டைச் சுற்றுத் தந்தியைத்தான் விரும்புகின்றாள்.

"இதைச் சமப்படுத்தி எபொக்சி பூசவேணும் பெரியப்பா. இல்லாட்டி நான் வாசிச்சு மிச்சத்தையும் தின்றுபோடுவன்" என்றாள்.

எனக்கு நெஞ்சில் ஏதோ இடித்தது. சமப்படுத்துவதென்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. தேய்த்தால் அவனுடைய தடங்கள் அத்தனையும் தூளாகப் போய்விடும். மென்மையான தந்தியைப் பூட்டி வாசிக்கலாமே என்றேன். இல்லையென்றால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், நான் செலவைப் பார்த்துக்கொள்கின்றேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. "அப்பா இதைக் கண்ணாடிப் பெட்டியிலை வைக்கவே படகிலை கொண்டுவந்தவர்?" என்று மட்டும் கேட்டாள்.

எனது தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் முன்னர் வேலைசெய்த ஒரு பத்திரிகை அலுவலகத்தின் நூலகத்தில், கிழியத் தொடங்கிய பழைய இதழ்களை ஒருகாலத்தில் ஒளிபுகும் ஒட்டுநாடாவால் ஒட்டிப் பாதுகாத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து வருடங்களில் அந்த நாடா பழுப்பாகி, பசை கசிந்து, அடியிலிருந்த எழுத்துக்களையே தின்றுவிட்டது. ஒட்டாத இதழ்கள் கிழிந்தபடியேனும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. ஆவணக் காப்பாளர்களுக்கு ஒரு விதி உண்டு: எதைச் செய்தாலும் பின்னொருநாள் அதை மீட்டெடுக்கக்கூடியதாகச் செய்யவேண்டும். எபொக்சி அந்த விதிக்குள் அடங்காது. இறுகிய பின்னர் சூடாக்கிச் சுரண்டினாலொழிய அது மரத்தைவிட்டு வராது.

*

மெட்டில்லாத பேஸுக்கு எபொக்சி பூசும் வழக்கத்தைப் புகழ்பெறச் செய்தவர், நாங்கள் சைக்கிள் டைனமோவில் கேட்ட அதே ஜாக்கோ பஸ்டோரியஸ்தான்.

1951இல் பென்சில்வேனியாவில் பிறந்து, புளோரிடாவின் ஃபோர்ட் லோடர்டேல் பகுதியில் வளர்ந்தவர் அவர். கடலும் படகுகளும் உள்ள ஊர். அவருடைய வாத்தியம் 1962இல் செய்யப்பட்ட ஒரு ஃபென்டர் ஜாஸ் பேஸ். அதன் மெட்டுக்கள் அகற்றப்பட்டு, வெட்டுக்கள் மரச்சாந்தினால் நிரப்பப்பட்டிருந்தன. அவருக்கும் உருண்டைச் சுற்றுத் தந்தியின் துலக்கம் வேண்டியிருந்தது. அந்தத் தந்தி ஈட்டிமரப் பலகையைத் தின்னும் என்பதும் தெரிந்திருந்தது. எனவே, படகுகளுக்குப் பூசுகின்ற எபொக்சியை வாங்கிப் பலகைமேல் பல தடவை பூசினார். மரத்தைக் காப்பதற்காகப் பூசியது ஒலியையும் மாற்றியது. கடினமான வழுவழுப்பான பரப்பில் தந்தி நீண்டநேரம் பாடியது. 1976இல் வெளிவந்த அவருடைய முதலாவது இசைத்தட்டிலும், அதே வருடம் ஜோனி மிச்சல் வெளியிட்ட 'ஹெஜீரா'விலும் அந்தக் குரலைக் கேட்கலாம்.

ஜாக்கோவின் பிற்காலம் துயரமானது. மனநோயும் மதுவும் அவரை வீதிக்குக் கொண்டுவந்தன. அந்தக் கிற்றார் ஒருமுறை துண்டுதுண்டாக உடைந்து, மீண்டும் ஒட்டித் திருத்தப்பட்டது. 1986இல் நியூயோர்க் பூங்கா ஒன்றில் அது களவுபோனது. 1987 செப்ரெம்பரில், இரவு விடுதி ஒன்றின் வாசலில் தாக்கப்பட்டுப் படுகாயமடைந்த ஜாக்கோ, அம்மாதம் 21ஆம் திகதி இறந்துபோனார். வயது முப்பத்தைந்து. களவுபோன கிற்றார் இருபது வருடங்களின் பின்னர், 2006இல், நியூயோர்க்கில் வெளிப்பட்டது. அதை மீட்பதற்குப் பணம் கொடுத்து உதவியவர் மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் ரொபேட் ட்ருஹீயோ.

இந்தக் கதையைப் பெறாமகள் எனக்குச் சொல்லி முடித்தபோது, கண்ணாடிப் பெட்டிக் கதையை நான் விட்டுவிட்டேன். ஆனால், தடங்களை விட்டுக்கொடுக்க இன்னும் மனம் வரவில்லை.

வழியொன்றைக் காட்டியவர் நீர்கொழும்பில் படகு திருத்தும் ஒரு முதியவர். நண்பர் ஒருவர் அவரிடம் என்னை அழைத்துச்சென்றார். தமிழும் சிங்களமும் கலந்து பேசினார். நமது கரையோரத்து ஃபைபர் படகுகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது பொலியெஸ்ரர் பிசின். அது வேண்டாம் என்றார் அவர். ஈட்டி போன்ற எண்ணெய்ப்பசையுள்ள மரத்தில் அது சரியாக இறுகாது. இறுகும்போது சுருங்கவும் செய்யும். எபொக்சி சுருங்குவது குறைவு, பிடிப்பும் அதிகம். பலகையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தவர் கேட்டார்: "ஏன் தேய்க்க வேணும்? பள்ளத்தை நிரப்புங்க. மேலே மட்டம் எடுங்க. கீழே உள்ளது கீழேயே இருக்கும்."

எவ்வளவு எளிமையான யோசனை! மரத்தை மட்டம்வரை தேய்ப்பதற்குப் பதிலாக, தெளிவான எபொக்சியால் பள்ளங்களை நிரப்பி, அதற்கு மேலே தடிப்பாகப் பூசி, அந்தப் பூச்சை மட்டுமே தேய்த்துச் சமப்படுத்துவது. தடங்கள் கண்ணாடிக்கு அடியில் இருப்பதுபோல இருக்கும். பெறாமகளும் சம்மதித்தாள். அப்படிச் செய்தால் பலகை ஒரு மில்லிமீற்றருக்கு மேல் உயரும். தந்தி தாங்கும் இரு முனைகளையும் அதற்கேற்ப உயர்த்தவேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

அந்த முதியவர் விடைகொடுக்கும்போது தமது முன்கைகளைக் காட்டினார். தோல் வெடித்துத் தடித்திருந்தது. இறுகாத எபொக்சி தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் ஆயுளுக்கும் போகாது, கையுறை போடாமல் தொடவேண்டாம் என்றார்.

*

வேலை தொடங்கியது. கழுத்தின் பக்கங்களையும் பின்புறத்தையும் ஒட்டுநாடாவால் மூடினோம். பலகையின் விளிம்புகளில் நாடாவைச் சற்று உயர்த்தி, வரம்பு மாதிரிக் கட்டினோம். அடுத்தது துப்புரவு. எண்ணெயும் வியர்வையும் இருந்தால் எபொக்சி பிடிக்காது. அசிற்றோன் தோய்த்த வெள்ளைத்துணியால் பலகையைத் துடைக்கவேண்டும். முதல் துடைப்பிலேயே துணி கருங்கபில நிறமாக வந்தது. ஈட்டிமரத்தின் சாயம் அதில் பாதி. மற்றப் பாதி தம்பியின் விரல்களிலிருந்து ஊறியது. அம்மாவின் அலுமாரியில் சாய்ந்துகொண்டு வாசித்த நாட்களின் வியர்வையும் அதில் இருந்திருக்கும். நான் துணியைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த பெறாமகள், அடுத்த துணியைத் தானே எடுத்துக்கொண்டாள். நான்கு துணிகள் தேவைப்பட்டன. அவற்றை முற்றத்தில் காயவைத்து மறுநாள் எறிந்தோம்.

எபொக்சி இரு புட்டிகளில் வரும்: பிசின் ஒன்று, இறுக்கி ஒன்று. அவற்றைப் புட்டியில் குறிப்பிட்ட அளவுப்படி மிகச்சரியாகக் கலக்கவேண்டும். இறுக்கியைக் கூட்டினால் விரைவாக இறுகும் என்று நினைப்பது தவறு. அளவு பிசகினால் என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருந்துவிடும். கலக்கும்போது வேகமாக அடித்தால் காற்றுக் குமிழிகள் சேரும், மெதுவாகக் கிண்டவேண்டும். கலந்ததும் சூடேறத் தொடங்கும். கொழும்பு வெப்பத்தில் கிண்ணத்திலேயே கட்டியாகிவிடக்கூடும். ஆகவே, ஆழமான கிண்ணத்தை விட்டு அகலமான தட்டில் ஊற்றிவைத்தோம்.

முதல் பூச்சு மிக மெல்லியதாக, மரத்தின் நுண்துளைகளை அடைப்பதற்கு. அதைச் செய்ய நான் அவசரப்பட்டேன். அன்று மாலை மழை இருட்டிக்கொண்டு வந்தது. பொறுப்போம் என்று பெறாமகள் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. காலையில் பார்த்தால் பலகைமேல் மெழுகு தடவியது போன்ற மங்கலான படலம். காற்றின் ஈரப்பதன் இறுக்கியுடன் சேர்ந்தால் இப்படி நேருமாம். அதன்மேல் அடுத்த பூச்சைப் பூசியிருந்தால் இரண்டும் ஒட்டாமல் பின்னர் உரிந்திருக்கும். நல்லகாலம், அந்தப் படலம் தண்ணீரில் கரையக்கூடியது. ஈரப்பஞ்சினால் கழுவி, காயவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் பொலிவு மங்கும்வரை உரசினோம்.

அடுத்த நான்கு பூச்சுக்களை வெயில் நாட்களில் பார்த்துப் பூசினோம். ஒரு பூச்சு முழுவதும் இறுகமுன்னர், விரல் ஒட்டும் பதத்தில் அடுத்ததைப் பூசினால் இரண்டும் ஒன்றாகப் பிணைந்துகொள்ளும். மேலே வருகின்ற குமிழிகளைத் தலைமயிர் உலர்த்தியின் சூட்டினால் உடைக்கலாம். விரல் பலகை தட்டையானது அல்ல, குறுக்கே மெல்லிய வளைவு உள்ளது. தேன் போன்ற பிசின் நடுவிலிருந்து வழிந்து விளிம்புகளில் தேங்கும். அதனால் கடைசியில் விளிம்புகள் தடிப்பாகவும் நடு மெல்லியதாகவும் இருந்தது. அதைச் சரிசெய்ய, பலகையின் வளைவுக்கேற்ப உட்குழிவாகக் கடைந்த மரக்கட்டையில் உப்புத்தாளை ஒட்டித் தேய்க்கவேண்டும். கொட்டாஞ்சேனையில் வாத்தியம் திருத்துகின்ற ஒருவர் அந்தக் கட்டையை இரவல் தந்தார்.

ஒரு வாரம் இறுகவிட்டு, தேய்க்கத் தொடங்கினோம். முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கூடாது. 220ஆம் இலக்க உப்புத்தாளில் தொடங்கி, 320, 400, 600 என்று ஏறி, 2000 வரை போகவேண்டும். 400க்குப் பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது. ஒவ்வொரு இலக்கமும் அதற்கு முந்தியது விட்ட கீறல்களை அழிக்கும். இடையில் ஒன்றைத் தவிர்த்தால், அதன் கீறல் கடைசிப் பளபளப்பில் தெரியும். கைகள் உளைந்தன. பத்திரிகைக்குப் பிரதி திருத்துவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒரு சுற்றை விட்டால் காலையில் அச்சில் தெரியும். கடைசியாக வாகனத்துக்குப் போடும் மெருகுப்பசையால் துடைத்தபோது, பலகையில் விறாந்தைக் கூரையின் நிழல் விழுந்தது.

தடங்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்லவேண்டும். விரலை அசைத்ததால் ஏற்பட்ட அந்த நுண்ணிய கீறல்கள் போய்விட்டன. கீறல் கண்ணுக்குத் தெரிவது அதன் விளிம்புகளில் வெளிச்சம் சிதறுவதால். தெளிந்த பிசின் அதை நிரப்பியதும் சிதறல் நின்றுவிடுகின்றது. ஈரத்துணியால் துடைத்த கணத்தில் கீறல் மறைவதுபோல, அது நிரந்தரமாக மறைந்துவிட்டது. முதல் பூச்சின்போதே நான் அதைக் கண்டேன். கிண்ணம் கையில், பிசின் ஓடிப் பரவ, அவை ஒவ்வொன்றாக அணைந்தன. நிறுத்தியிருக்கவும் முடியாது. ஆழமான பள்ளங்கள் மட்டும் இருக்கின்றன. பலகையைச் சரித்துப் பிடித்தால், எனது அடிமட்டத் துண்டுகளை ஊடறுத்து நான்கு நிழல்கள் ஓடுவது தெரியும்.

பள்ளத்தை நிரப்பலாம் என்று முதியவர் சொன்னபோது எல்லாமே தப்பிவிடும் என்று நம்பினேன். பாதி தப்பியது. அந்தப் பாதியை வைத்துத்தான் இனி அது வாசிக்கப்படும். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால் முழுவதும் தப்பியிருக்கும், வாசிப்பு மட்டும் நின்றுபோயிருக்கும். அந்த முடிவைப் பற்றி எனக்கு இப்போது வருத்தமில்லை.

பெப்ரவரி நடுப்பகுதியில், முனைகளை உயர்த்தி, தந்தி பூட்டி, பெறாமகள் வாசித்தாள். என்னிடம் ஒலிபெருக்கி இல்லை. என்ன செய்வது என்று சுற்றும்முற்றும் பார்த்தவளிடம், அதன் கொம்பை எனது அலுமாரிக் கதவில் அழுத்திப் பிடிக்கும்படி சொன்னேன். "இதை அப்பாவும் சொன்னவர்" என்றாள். அடைப்பு இல்லை, இரைச்சல் இல்லை. ஒரு சுரத்தை எழுப்பிவிட்டு அவள் விரலை அசைத்தபோது, அது கதவுக்குள் நெடுநேரம் நின்றது.

இப்போது அது ரொறன்ரோவில் இருக்கின்றது. வாரத்தில் இரண்டு மூன்று மேடைகளில் வாசிக்கின்றாளாம். எபொக்சியிலும் மெல்லிய கீறல்கள் விழத் தொடங்கிவிட்டன என்று அண்மையில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அவை அவளுடையவை. சில வருடங்கள் போனால் மேற்பரப்பைத் தேய்த்து மறுபடி பூசவேண்டியிருக்கும். அடுத்த தடவை மழைநாளில் பூசவேண்டாம் என்று பதில் எழுதியிருக்கின்றேன்.